மைக்ரோகண்ட்ரோலர் புரோகிராமிங் உருப்படியா கத்துக்க எதைப் படிக்கறது, எங்க ஆரம்பிக்கறது?

வயர்மேன்_கோவை

வணக்கம் அண்ணாக்களே. பாலிடெக்னிக்ல இஇஇ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல் போடற ஒரு பட்டறைல வேலை பார்க்கறனுங்க. கிணத்து மோட்டார், போர்வெல் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர், டைமர், தண்ணி இல்லாம ஓடுனா தானா ஆஃப் ஆகற ட்ரை ரன் கார்டு இதெல்லாம் நாங்க ஃபிட் பண்றோம், ஆனா கார்டு மட்டும் வெளிய இருந்து ரெடியா வருது, அதுக்குள்ள இருக்கற மைக்ரோகண்ட்ரோலர் சிப்புல (ஒரே சிப்புல அடங்கின குட்டி கம்ப்யூட்டர்) புரோகிராம் எழுதறது வேற யாரோ. அதை நானே எழுதிப் பழகணும்னு ரொம்ப நாளா ஆசைங்க.

கையில ஒரு ஆர்டுயினோ ஊனோ, அதாவது மைக்ரோகண்ட்ரோலர் பழகற போர்டு, இருக்கு. யூடியூப் பார்த்து எல்இடி மினுக்கறது, ரிலே, எல்சிடி, அல்ட்ராசோனிக் சென்சார் எல்லாம் ஓட்டிட்டேன். அவங்க குடுத்த கோடுல நம்பரை மாத்துனா வேலை செய்யுது, ஆனா காலி ஃபைலைத் திறந்து நானே எழுதுன்னா கை ஓட மாட்டேங்குது. எந்த வீடியோவைத் திறந்தாலும் திரும்ப அதே எல்இடி, அதே சென்சார். டிலே (இவ்வளவு நேரம் சும்மா நில்லுங்கற கட்டளை) போட்டா அந்த நேரம் முழுக்க பட்டன் அமுக்கினாலும் கேக்க மாட்டேங்குது, மோட்டார் ஸ்டாப் பட்டன் அப்படி இருந்தா ஆகுமாங்க?

காலேஜ்ல 8051ங்கற பழைய சிப்பு வச்சு அசெம்பிளி (சிப்போட நேரடிக் கட்டளை மொழி) நடத்தினாங்க, பரிட்சைக்குப் படிச்சதோட சரி. இப்ப எந்த சிப்புன்னு கேட்டா ஒருத்தர் எஸ்டிஎம்32 போங்கறாரு, ஒருத்தர் இஎஸ்பி32, இன்னொருத்தர் பிக் தான் இண்டஸ்ட்ரில இருக்குங்கறாரு. சி-ல இஃப், ஃபார் லூப், அர்ரே வரைக்கும் தெரியும், பாயிண்டரும் பிட் கணக்கும் தெரியாது. இங்கிலீஷ் மெதுவா படிச்சா புரியும். தமிழ்ல ஏதாவது இருந்தாலும் சொல்லுங்ணா. காசு பெருசா போட முடியாது.

ஓம்மீட்டர்

தம்பி, முதல்ல சிப்பு மாத்தற யோசனையை விட்டுடுங்க. கையில இருக்கற ஊனோவே போதும். இன்னும் பத்து சேனல் சப்ஸ்கிரைப் பண்ணவும் வேண்டாம், நீங்க இதுவரைக்கும் திறந்தே பார்க்காத ஒரு ஃபைல் இருக்கு, அதுதான் உங்களுக்கு வேண்டிய பாடப் புத்தகம், அந்த சிப்போட டேட்டாஷீட், அதாவது கம்பெனியே போட்ட விவரக் கையேடு.

ஊனோல இருக்கற சிப்பு பேரு ஏடிமெகா328பி. 32 கேபி ஃபிளாஷ், 2 கேபி ரேம், 1 கேபி ஈஈப்ராம், போர்டுல 16 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது. முன்ன ஏட்மெல் கம்பெனியோடது, 2016ல மைக்ரோசிப் அதை வாங்கிட்டாங்க, அதனால இப்ப டேட்டாஷீட் மைக்ரோசிப் சைட்ல இலவசமா கிடைக்குது. பல நூறு பக்கம் இருக்கேன்னு மிரள வேண்டாம், பஞ்சாங்கத்தை யாரும் முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் படிக்கறது இல்ல, வேண்டிய நாளைத் திறந்து பார்க்கறோம், இதுவும் அப்படித்தான். உங்க வேலைக்கு ஐஓ போர்ட் (8 பின் வரைக்கும் சேர்ந்த கட்டு), இண்டரப்ட் (ஓடற வேலையை நிறுத்திட்டு அவசர வேலையைப் பார்க்கறது), டைமர், ஏடிசி (வோல்டேஜை எண்ணா மாத்தறது), வாட்ச்டாக் (புரோகிராம் மாட்டிக்கிட்டா சிப்பை ரீசெட் பண்றது) இந்த அஞ்சு அத்தியாயம் போதும். ஒவ்வொரு அத்தியாயத்தோட கடைசியிலயும் ரிஜிஸ்டர் விவரம்னு ஒரு பகுதி வரும் (ரிஜிஸ்டர்னா சிப்பைக் கட்டுப்படுத்தற பிட்டுகள் இருக்கற இடம்), எந்த பிட் என்ன செய்யும்னு கட்டம் போட்டு இருக்கும். அதை முதல்ல பாருங்க, அப்புறம் முன்னாடி போய் விளக்கத்தைப் படிங்க. உங்களுக்கு இருக்கற இங்கிலீஷ் இதுக்குப் போதும், திரும்பத் திரும்ப வர்றது ஒரு நூறு இருநூறு வார்த்தைதான்.

செஞ்சு பார்க்க வேண்டியது இதுதான். 13ஆம் பின்ல இருக்கற எல்இடி சிப்புக்குள்ள போர்ட் பி-யோட 5ஆவது பிட். ஆர்டுயினோ ஃபங்ஷனான பின்மோட், டிஜிட்டல்ரைட் ரெண்டும் இல்லாம டிடிஆர்பி ரிஜிஸ்டர்ல அந்த பிட்டை 1 ஆக்குங்க, அது அவுட்புட் ஆயிடும், அப்புறம் போர்ட்பி ரிஜிஸ்டர்ல அதே பிட்டை 1, 0னு மாத்துங்க, எல்இடி எரிஞ்சு அணையும். இது ஓடின பிறகு ஆர்டுயினோவோட சொந்த சோர்ஸ் கோடைத் திறந்து டிஜிட்டல்ரைட் எப்படி எழுதியிருக்காங்கன்னு பாருங்க, ஐடிஇ (கோடு எழுதற சாஃப்ட்வேர்) போட்டிருக்கற உங்க கம்ப்யூட்டர்லயே அது இருக்கு. அந்தப் பின்னுல பிடபிள்யூஎம் (வேகமா ஆன் ஆஃப் பண்ணி அளவை மாத்தறது) ஓடுதான்னு பார்க்கும், டேபிள்ல இருந்து எந்த போர்ட் எந்த பிட்னு எடுக்கும், இண்டரப்டை நிறுத்தும், எழுதும், பழையபடி விடும். இவ்வளவும் சேர்ந்து சில மைக்ரோசெகண்ட் ஆகுது, நீங்க நேரா எழுதினா 2 கிளாக், அதாவது 125 நானோசெகண்ட். வேகத்துக்காக இதைச் சொல்லல, நீங்க கூப்பிடற ஃபங்ஷனுக்குள்ள ஒளிஞ்சிருக்கறது உங்களால படிக்க முடியற சாதாரண சி கோடுதான்னு கண்ணால பார்த்துட்டா அதுக்கப்புறம் காலி ஃபைல் பயம் போயிடும். நல்ல கோடை வாசிச்சுத்தான் நல்ல கோடு எழுத வரும், அதை எந்த வீடியோவும் சொல்லித் தர்றது இல்ல.

டிலே விஷயத்துக்கு வரேன். மோட்டார் ஸ்டாப் பட்டனை டிலேல நிக்கற புரோகிராமை நம்பி விடவே கூடாது, நீங்க கேட்டது சரியான கேள்வி. டைமர் அத்தியாயத்துல சிடிசி மோடுன்னு இருக்கும் (சொன்ன எண் வந்ததும் டைமர் திரும்ப 0 ஆகும்), அதைப் படிங்க. 16 மெகாஹெர்ட்ஸை 64 ஆல வகுத்தா 250 கிலோஹெர்ட்ஸ், ஒரு எண்ணிக்கைக்கு 4 மைக்ரோசெகண்ட், 250 எண்ணினா சரியா 1 மில்லிசெகண்ட். 0 லேர்ந்து எண்றதால கம்பேர் ரிஜிஸ்டர்ல 249 போடணும். டைமர் 0-வை ஆர்டுயினோ தன்னோட மில்லிஸ் (ஆன் ஆகி எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுங்கற) கணக்குக்கு எடுத்து வச்சிருக்கு, அதைத் தொடாம டைமர் 2 எடுத்துக்கோங்க, 3ஆம் 11ஆம் பின்ல பிடபிள்யூஎம் போயிடும், பரவாயில்ல. அந்த 1 மில்லிசெகண்ட் இண்டரப்டுக்குள்ள ஒரு கவுண்டரைக் கூட்டறதைத் தவிர வேற எதுவும் செய்யாதீங்க, அந்த கவுண்டரை வோலடைல்னு டிக்ளேர் பண்ணுங்க (அப்பத்தான் ஒவ்வொரு தடவையும் மெமரில இருந்தே படிக்கும்), இது 8 பிட் சிப்புங்கறதால 16 பிட் கவுண்டரை மெயின் லூப்ல படிக்கும்போது ஒரு கணம் இண்டரப்டை நிறுத்திட்டுப் படிங்க, இல்லன்னா பாதி பழைய எண் பாதி புது எண் வந்து நிக்கும்.

அப்புறம் உங்க ஸ்டார்ட்டரை நிலைகளா பேப்பர்ல எழுதுங்க: நிறுத்தம், ஸ்டார்ட் ஆகுது, ஓடுது, ட்ரை ரன், காத்திருப்பு. எந்த நிலைல எது நடந்தா எந்த நிலைக்குப் போகும்னு அம்புக்குறி போடுங்க. பேனல் கண்ட்ரோல் வயரிங் டயக்ராம் படிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, அந்தப் படத்தை அப்படியே ஸ்விட்ச் கேஸா மாத்தினா புரோகிராம் முடிஞ்சது.

எட்டு_பிட்

ஓம்மீட்டர் சொன்னதுல ஒண்ணே ஒண்ணு சேர்க்கறேன். காலேஜ்ல படிச்ச 8051-ஐ தூக்கிப் போட்டுடாதீங்க ப்ரோ. 1980ல இன்டெல் போட்ட சிப்பு, 4 கேபி ரோம், 128 பைட் ரேம், 4 போர்ட், 2 டைமர், அவ்வளவுதான், முழு சிப்பும் ஒரு மனுஷன் தலைக்குள்ள அடங்கிடும். எல்லாரும் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் போடறாங்களே ஏன்னு யாராவது சொல்லித் தந்தாங்களா? அதை 12 ஆல வகுத்து, அப்புறம் 32 ஆல வகுத்தா 28800 வரும், அதை 3 ஆல வகுத்தா சுத்தமா 9600, அதாவது சீரியல் போர்ட்டோட வழக்கமான வேகம், அதனாலதான் டைமர் 1 ரீலோடுல (எண்ண ஆரம்பிக்கற எண்) 253 போடறோம், 256ல 3 குறைச்சு. 12 மெகாஹெர்ட்ஸ் போட்டா 9600 சரியா வராது. இந்த ஒரு கணக்கைப் புரிஞ்சுகிட்டவன் எந்த சிப்போட சீரியல் போர்ட்டையும் டேட்டாஷீட் பார்த்து செட் பண்ணிடுவான்.

சில்லறை விலை கார்டுகள்ல இன்னிக்கும் 8051 கோர் சிப்பு நிறைய வருது. உங்க பட்டறைக்கு வர்ற கார்டுல சிப்பு மேல என்ன நம்பர் அடிச்சிருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, அந்த நம்பரை இங்க போடுங்க.

தமிழ்ல கேட்டீங்க. யூடியூப்ல தமிழ்ல இருக்கறது பெரும்பாலும் போர்டு அறிமுகமும் புராஜெக்ட்டும்தான், ஆழமா ரிஜிஸ்டர் வரைக்கும் போறது குறைவு. என்பிடெல்ங்கற ஆன்லைன் பாட சைட்ல ஐஐடி ஆளுங்க நடத்தின மைக்ரோப்ராசசர், மைக்ரோகண்ட்ரோலர் கோர்ஸ் முழுசா இலவசம், பரிட்சை எழுதி சர்டிஃபிகேட் வேணும்னாத்தான் காசு. சில கோர்ஸுக்கு தமிழ் மொழிபெயர்ப்பும் போட்டிருக்காங்க, தேடிப் பாருங்க. எம்எஸ்பி430ங்கற சிப்பு வச்சு எம்படட் சிஸ்டம் டிசைன் நடத்தற ஒரு கோர்ஸ் இருக்கு, பவர் சப்ளைல இருந்து ஆரம்பிச்சு போர்டை எப்படி யோசிக்கறதுன்னு சொல்லித் தர்றாங்க, உங்களை மாதிரி வயரிங் பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு ரொம்பப் பொருந்தும்.

எஸ்டிலிங்க்_ரசிகன்

நான் கொஞ்சம் மாறுபடறேன். ஊனோல ஒரு பெரிய குறை, டிபக்கர் கிடையாது. சீரியல்ல பிரிண்ட் போட்டுப் போட்டுத்தான் பார்க்கணும். புரோகிராமை நடுவுல நிறுத்தி, ஒரு வரி ஒரு வரியா நகர்த்தி, ரிஜிஸ்டர்ல பிட் மாறறதை நேர்ல பார்க்கறப்ப வர்ற தெளிவு வேற எதுலயும் வராது. எஸ்டிஎம்32 நியூக்ளியோ போர்டு வாங்கினா எஸ்டி-லிங்க் டிபக்கர் அதுலயே இருக்கு, கியூப் ஐடிஇ இலவசம். ப்ளூ பில்லுன்னு சின்னதா நீலப் போர்டு இன்னும் மலிவா கிடைக்கும், ஆனா அதுல சிப்பு டூப்ளிகேட் ரொம்ப வருது, கத்துக்கற நேரத்துல தப்பு கோடுலயா சிப்புலயான்னு தெரியாம தவிக்கற நிலைமை வேண்டாம்.

ஆனா ஒண்ணு, இங்க டேட்டாஷீட் மட்டும் பத்தாது. ஊனோ சிப்பு இருக்கற ஏவிஆர் குடும்பத்துல எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கும். எஸ்டிஎம்32 செய்யற எஸ்டி கம்பெனில டேட்டாஷீட்ல பின்னும் வோல்டேஜும் மட்டும்தான், ரிஜிஸ்டர் எல்லாம் ரெஃபரன்ஸ் மேனுவல்னு தனி ஃபைல், எஃப்103 சிப்பு குடும்பத்துக்கு அது ஆர்எம்0008, ஆயிரம் பக்கத்துக்கு மேல. கோர் (கணக்குப் போடற மையப் பகுதி) பத்தி புரோகிராமிங் மேனுவல் தனி. சிப்புலயே இருக்கற கோளாறுகளை கம்பெனியே பட்டியல் போட்ட எர்ராட்டா ஷீட் தனி. நாலையும் டவுன்லோட் பண்ணி ஒரே ஃபோல்டர்ல வச்சுக்கணும். இதைத் தெரியாம டேட்டாஷீட்டை மட்டும் புரட்டிட்டு ஒண்ணுமே இல்லியேன்னு விட்டுட்டுப் போனவங்க நிறைய. அடுத்த விஷயம் கிளாக். எஸ்டிஎம்32ல ஒரு போர்ட்டைப் பயன்படுத்தணும்னா முதல்ல ஆர்சிசிங்கற கிளாக் கண்ட்ரோல் ரிஜிஸ்டர்ல அந்த போர்ட்டுக்கு கிளாக் ஆன் பண்ணணும், இல்லாட்டி நீங்க எழுதறது எதுவும் உள்ள போகாது, எர்ரரும் வராது. எதுவுமே நடக்கலன்னா முதல்ல அங்க பாருங்க.

வீடியோ வேணும்னா மிரோ சாமெக் யூடியூப்ல போட்டிருக்கற எம்படட் புரோகிராமிங் தொடரைப் பாருங்க, இங்கிலீஷ்தான், ஆனா நிதானமா பேசுவாரு. ஒரு சின்ன லூப் எழுதி அது அசெம்பிளியா எப்படி மாறுது, மெமரில எங்க உக்காருதுன்னு டிபக்கர்ல காட்டிக் காட்டித்தான் போவாரு. போர்டு வேறயா இருந்தாலும் பரவாயில்ல.

வயர்மேன்_கோவை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்ணா. டேட்டாஷீட் இறக்கி போர்ட் பி வச்சு எல்இடி மினுக்கிட்டேன், கோடு ரொம்பச் சின்னதா இருக்கு! மூணு சந்தேகம். ஒண்ணு, இந்த அல்லது-சமம் (|=), மற்றும்-சமம் (&=), டில்டே (~) இதெல்லாம் அப்படியே எழுதிட்டேன், உள்ள என்ன நடக்குதுன்னு இன்னும் பிடிபடல. ரெண்டு, பட்டறைல பகல்ல நேரம் இல்ல, வீட்ல போர்டு இல்லாம பழக வழி இருக்கா? மூணு, ஊனோ வச்சு ரிலே மூலமா கான்டாக்டர் (மோட்டாருக்கு கரண்ட் விடற பெரிய ஸ்விட்ச்) ஓட்டினேன், கான்டாக்டர் விடறப்பல்லாம் ஊனோ ரீசெட் ஆகுது. கோடுல தப்பா?

ஓம்மீட்டர்

8 பிட்டையும் வரிசையா 8 ஸ்விட்ச்னு வச்சுக்கோங்க. 1-ஐ 5 இடம் இடது பக்கம் தள்ளினா 00100000. அதை போர்ட்பி-யோட "அல்லது" போட்டா அந்த ஒரு ஸ்விட்ச் ஆன் ஆகும், மத்த ஏழும் இருந்தபடியே இருக்கும். டில்டே போட்டா அதே எண் 11011111 ஆயிடும், அதோட "மற்றும்" போட்டா அந்த ஒண்ணு மட்டும் ஆஃப். நேரா சமம் போட்டு எழுதினா மத்த ஏழு பின்னும் சேர்ந்து மாறிடும், ஒரே போர்ட்ல ரெண்டு மோட்டார் ரிலே இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

பாயிண்டரும் இங்கேயே புரியும். போர்ட்பிங்கறது மெமரில ஹெக்ஸ் 25ங்கற அட்ரஸுக்கு வச்ச பேரு, டிடிஆர்பி 24, பின்பி 23. அந்த அட்ரஸை ஒரு பாயிண்டர்ல போட்டு அதுல எழுதிப் பாருங்க, அதே எல்இடி எரியும். லேப்டாப்ல பாயிண்டர் படிச்சா வெறும் எண்ணு, இங்க ஒரு பின்ல வோல்டேஜ் மாறுது.

வீட்ல பழக வோக்வின்னு பிரவுசர்லயே ஓடற சிமுலேட்டர் இருக்கு, ஊனோ, இஎஸ்பி32, பைக்கோ எல்லாம் வரும். டைமர், இண்டரப்ட், நிலைகள் எல்லாத்தையும் அதுல பழகலாம். கான்டாக்டர் நாய்ஸ் அதுல வராது.

ஃபீல்டு_சர்வீஸ்

மூணாவது கேள்விக்கு நான் வரேன். கோடுல தப்பு இல்ல தம்பி. கான்டாக்டர் காயில் விடுபடறப்ப வர்ற ஸ்பைக் உங்க சப்ளை வழியாவும் வயர் வழியாவும் சிப்புக்குள்ள வருது. கான்டாக்டர் காயிலுக்கு குறுக்கே ஆர்சி ஸ்னபர் (ஸ்பைக்கை உள்வாங்கற ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்), டிசி ரிலே காயிலுக்கு குறுக்கே டயோடு, சிப்போட விசிசி கால் பக்கத்துலயே 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர், ரீசெட் பின்னுல 10 கே புல்-அப் ரெசிஸ்டர், கண்ட்ரோல் வயரையும் பவர் வயரையும் ஒரே டக்ட்ல ஓட்டாதீங்க. ஊனோவுக்கும் ரிலேவுக்கும் ஒரே 5 வோல்ட் குடுத்திருந்தா பிரிச்சிடுங்க.

ரீசெட் ஏன் ஆச்சுன்னு சிப்பே சொல்லும். எம்சியூஎஸ்ஆர்னு ஒரு ரிஜிஸ்டர், பவர் ஆன்ல ரீசெட்டா, வெளி ரீசெட் பின்னா, வோல்டேஜ் குறைஞ்சு பிரவுன்-அவுட்டா, வாட்ச்டாக்கான்னு நாலு பிட்ல காட்டும். ஊனோல பூட்லோடர் (புரோகிராம் ஏத்தறதுக்கு சிப்புக்குள்ளயே இருக்கற சின்ன புரோகிராம்) அதை முன்னாடியே அழிச்சிடும், அதனால யூஎஸ்பிஏஎஸ்பி மாதிரி புரோகிராமர் கருவில நேரா ஏத்திப் பாருங்க. பிரவுன்-அவுட்னு வந்தா சப்ளையைப் பாருங்க, வெளி ரீசெட்னு வந்தா அந்தப் பின்னைப் பாருங்க. எல்லாம் சரி பண்ணின பிறகுதான் வாட்ச்டாக் போடணும், இந்த சிப்புல 8 செகண்ட் வரைக்கும் வைக்கலாம். நாய்ஸை மறைக்க வாட்ச்டாக் போட்டா வயல்ல நடுராத்திரி மோட்டார் ஆன் ஆஃப் ஆகிட்டே இருக்கும்.

இதுக்கெல்லாம் படிக்க வேண்டியது அப்ளிகேஷன் நோட். ஏட்மெல் போட்ட ஏவிஆர்042 ஹார்டுவேர் டிசைன் பத்தினது, எஸ்டியோட ஏஎன்1709 இஎம்சி, அதாவது மின் நாய்ஸ் பத்தினது. சின்ன ஃபைல்தான், சிப்பு செஞ்ச இன்ஜினியர்களே எழுதினது, எந்த கோர்ஸ்லயும் இவ்வளவு தெளிவா சொல்ல மாட்டாங்க, இலவசமா கிடக்கு, படிக்கறவங்கதான் கம்மி.

ட்ரை ரன்னுக்கு சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வச்சு கரண்ட் அளக்கறதா இருந்தா ஓம்மீட்டர் சொன்ன 1 மில்லிசெகண்ட் டைமரே போதும். 50 ஹெர்ட்ஸ்ல ஒரு சைக்கிள் 20 மில்லிசெகண்ட், அப்ப சைக்கிளுக்கு 20 சாம்பிள் கிடைக்குது. ஏடிசி கிளாக் 125 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு கன்வர்ஷனுக்கு 13 கிளாக், 104 மைக்ரோசெகண்ட்தான், தாராளமா இடம் இருக்கு. தண்ணி இல்லன்னா பம்புக்கு லோடு குறையும், கரண்ட் குறையும், அது சில செகண்ட் தொடர்ந்து குறைஞ்சே இருந்தா மட்டும் நிறுத்துங்க.

முக்கியமா ஒண்ணு. விலை குறைஞ்ச கார்டுல டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம கெப்பாசிட்டர் வச்சே மெயின்ஸ்ல இருந்து 5 வோல்ட் எடுத்திருப்பாங்க, அதுல கிரவுண்டே லைவா இருக்கும். அப்படிப்பட்ட கார்டுல கரண்ட் இருக்கறப்ப லேப்டாப் யூஎஸ்பியோ புரோகிராமரோ மாட்டவே மாட்டாதீங்க. உயிர் போற விஷயம்.

வயர்மேன்_கோவை

புரிஞ்சதுங்ணா, ரிலே சப்ளையைப் பிரிச்சதும் ரீசெட் நின்னுடுச்சு, ஸ்னபரும் போட்டுடறேன். எட்டு_பிட் அண்ணா, எங்க ட்ரை ரன் கார்டுல சிப்பு மேல என்76இ003னு இருக்கு, 20 கால். இது என்னங்ணா? இதுல இருக்கற புரோகிராமை எடுத்துப் பார்க்க முடியுமா?

எட்டு_பிட்

நுவோட்டான் கம்பெனி சிப்பு, நீங்க பரிட்சைக்குப் படிச்ச அதே 8051 கோர். 18 கேபி ஃபிளாஷ், 1 கேபி ரேம், உள்ளயே 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக், 12 பிட் ஏடிசி. அந்த கார்டுல இருக்கற புரோகிராமை எடுக்க நினைக்காதீங்க, லாக் பண்ணியிருந்தா படிக்க முடியாது, அழிச்சாத்தான் திறக்கும், அழிச்சா கார்டு செத்துச்சு, மேல அது இன்னொருத்தர் உழைப்பு. பழகறதுக்குத் தனியா இதே சிப்பு வச்ச டெவலப்மெண்ட் போர்டும் நு-லிங்க் புரோகிராமரும் வாங்கிக்கோங்க, ஆன்லைன்ல கிடைக்கும், சென்னை வந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிங்க. கம்பைலருக்கு எஸ்டிசிசி இலவசம். டேட்டாஷீட்டும் சாம்பிள் கோடும் நுவோட்டான் சைட்லயே இருக்கு.

ஊனோல டைமர் 2 வச்சு செஞ்ச 1 மில்லிசெகண்டை இதுல டைமர் 0 வச்சு செய்யுங்க. ரீசெட் ஆனதும் டைமருக்கு கிளாக் 12 ஆல வகுத்துத்தான் போகும், 16 மெகாஹெர்ட்ஸ்ல அது செகண்டுக்கு 13,33,333 எண்ணிக்கை, 1 மில்லிசெகண்டுக்கு 1333. இது 65536 வரைக்கும் மேல எண்ற டைமர், அப்ப ரீலோடு 64203. ஹை பைட், லோ பைட் பிரிச்சு நீங்களே போட்டுப் பாருங்க, எந்த மோடு பிட் எதுன்னு டேட்டாஷீட்ல டைமர் அத்தியாயத்துல இருக்கு, மாட்டினா கோடை இங்க ஒட்டுங்க.